ஒன்பது பிணங்களும் ஒரு அண்ணனும்

ஒரு அண்ணனின் விலை: பதினாறு ஏக்கர் நெல்வயல், மரக்கால்மேல் நிற்கும் ஒரு வீடு, அந்த வீட்டுக்கு அடியில் கட்டியிருக்கும் இரண்டு மாடு, மனசு வந்தால் மட்டும் ஓடும் ஒரு டிராக்டர்.

விலையைச் சொன்னவள் பூல்மத்தி. மஹைக்கா ஆற்றங்கரைக்காரி. முப்பத்தாறு வயசு, முழங்கால்வரை சேறு காய்ந்த கால். தலைநகர் ஜார்ஜ்டவுனில் எங்கள் முன்னறை நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே சொன்னாள்.

"நிஜமான அண்ணனா இருந்தா குடுத்துத் தொலைச்சிருவேன் மிஸ். இவன் டூப்ளிகேட்டு."

நான் ஸ்டாப்ரூக் சந்தையில் துணிக்கடைக்குள் வளர்ந்தவன். பாலியஸ்டரைப் பட்டு என்று சொல்லி விற்றே எங்கள் அப்பா மூன்று பெண்களைக் கரையேற்றினார். அதனால் டூப்ளிகேட் என்ற சொல்லைக் கேட்டால் எனக்கு எழுந்து நிற்கத் தோன்றும். பெயர் லோச்சன். மிஸ் ஈனிட் ஹோப்கின்சனின் உதவியாளன். கார் ஓட்டுவேன், குடை பிடிப்பேன், அவர் யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பேன். மூன்றாவது வேலையில்தான் அடிக்கடி திட்டு விழும்.

மிஸ் ஈனிட் சுங்க இலாகாவில் காலமெல்லாம் அடுத்தவர் பெட்டியைத் திறந்து பார்த்து ஓய்வு பெற்றவர். இப்போது அடுத்தவர் பொய்யைத் திறந்து பார்க்கிறார். உருவத்தில் அலமாரி, தலையில் எப்போதும் ஒரு வைக்கோல் தொப்பி.

பூல்மத்தி சொன்ன கதை இதுதான். அவளுடைய அண்ணன் தேவநாத் பதினேழு வயசில் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு எல்லை ஆற்றைக் கடந்து பக்கத்து நாடான சூரினாமுக்குப் போனவன். இருபத்திரண்டு வருஷமாக ஒரு தகவல் இல்லை. போன வருஷம் அப்பா கண்ணை மூடினார். உயிலில், நான் செத்து ஒரு வருஷத்துக்குள் மகன் திரும்பி வந்தால் எல்லாம் அவனுக்கு, வராவிட்டால் மகளுக்கு என்று எழுதி வைத்துவிட்டார். வருஷம் முடிவது இந்தச் சனிக்கிழமை. போன வாரம் சூரினாமின் நிக்கேரியிலிருந்து ஒரு கார் வந்து நின்றது. உள்ளே தங்கப்பல் வைத்த ஒருவன். "தங்கச்சி" என்று கையை விரித்தான்.

அம்மா எந்தப் பல்லில் வெற்றிலை மெல்லுவாள், அப்பா எந்த மதகில் வழுக்கி விழுந்தார், செத்துப்போன கறுப்புப் பசுவுக்கு எந்தக் கொம்பு வளைசல் — எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தான். ஊரே கட்டிப்பிடித்து அழுதது. பூல்மத்திக்கு மட்டும் கண்ணீர் வரவில்லை. நாளைக் காலை வக்கீல் முன்னால் கையெழுத்து.

"ஏன் நம்ப மாட்டேங்கறே?" என்று கேட்டார் மிஸ் ஈனிட்.

"ஒட்டல மிஸ்."

ஒட்டாததை எந்த வக்கீலும் கோர்ட்டில் ஒட்டமாட்டார் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் பூல்மத்தி கையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தை மேஜைமேல் பிரித்துவிட்டாள். உள்ளே ஒரு ஹாசர். செத்தது.

ஹாசர் என்பது கெளுத்திதான். ஆனால் எலும்பிலேயே சட்டை தைத்துப் போட்டுக்கொண்ட கெளுத்தி. இரண்டு பக்கமும் தகடு தகடாக அடுக்கிய கவசம், முகத்தில் மீசை, சின்னக் கண். யுத்தத்துக்குப் புறப்பட்டுப் பாதி வழியில் எங்கே போகிறோம் என்பதை மறந்துவிட்ட சிப்பாய் மாதிரி இருக்கும். அதைத் தேங்காய்ப் பாலில், பச்சை மாங்காய் போட்டுக் கறி வைத்தால் எங்கள் நாட்டில் பகையாளிகள்கூட ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். ஆனால் சட்டிக்குப் போகும்வரை உயிரோடு இருக்க வேண்டும். செத்த ஹாசரை யாரும் காசு கொடுத்து வாங்க மாட்டார்கள்.

அண்ணன் வந்த சந்தோஷத்தில் அக்கம்பக்கத்தார் பன்னிரண்டு ஹாசர் கொடுத்தார்களாம். விருந்துவரைக்கும் நானே பார்த்துக்கொள்கிறேன் என்று வந்தவன் வாங்கி வைத்துக்கொண்டானாம். இன்று காலை பீப்பாயைத் திறந்தால் ஒன்பது பிணம்.

மிஸ் ஈனிட் மீனைப் புரட்டிப் பார்த்தார். மோந்தார். வெட்டு இல்லை, குத்து இல்லை, மருந்து வாடை இல்லை.

"மூழ்கிச் செத்திருக்கு," என்றார்.

"அடுத்த வாரம் காக்கா தடுக்கி விழுந்து செத்த கேஸ் வரும் மிஸ். ஃபைல் திறந்து வைக்கவா?"

"காரை எடு."

போகிற வழியில்தான் எனக்குப் பாடம் நடந்தது. நான் டவுன்காரன். ஹாசரைக் கறியில் மட்டும் அறிவேன். வயல் வாய்க்கால் தண்ணீர் பால் விடாத தேநீர் மாதிரி கறுத்துக் கிடக்கும். அதில் மூச்சுக்கு ஒன்றும் இருக்காது. அதனால் ஹாசர் மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுக் கீழே போகும். வாய்க்கால் வற்றினால் முள்ளை ஊன்றி ஈரப் புல்மேல் நடந்தே அடுத்த வாய்க்காலுக்குப் போய்விடும். அதைப் பீப்பாயில் அடைத்து, வாய்க்கால் தண்ணீரை விளிம்புவரை நிரப்பி, கம்பிவலை மூடியையும் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டால் விழுங்கக் காற்று கிடைக்காது. மூழ்கித்தான் சாகும்.

"எங்க ஊர்ல பால்குடி மறக்காததுகூட அப்படிச் செய்யாது," என்றாள் பின்சீட்டிலிருந்து பூல்மத்தி. "ஈரச் சாக்குல போட்டு நிழல்ல வச்சிருவோம். வக்கீல்கிட்டச் சொன்னா சிரிப்பாரேன்னுதான் உங்ககிட்ட வந்தேன்."

"அப்ப முடிஞ்சுது. ஆள் டூப்ளிகேட். வண்டியைத் திருப்பவா மிஸ்?"

"ஒன்பது செத்துது. மிச்சம் மூணு எங்க?" என்றார் மிஸ் ஈனிட்.

நான் வண்டியைத் திருப்பவில்லை.

வீட்டுக்கு அடியில், மரக்கால்களுக்கு நடுவே கயிற்றுத் தூளியில் படுத்திருந்தான் அண்ணன். எங்களைப் பார்த்ததும் தங்கப்பல் முதலில் எழுந்தது, அப்புறம் அவன் எழுந்தான். நல்ல மரியாதை. நல்ல செருப்பு. நெல் விதைக்கிற குடும்பத்தில் பிறந்தவனுக்கு உள்ளங்கை கொஞ்சம் அதிகமாகவே மழமழ. ஆனால் உள்ளங்கையை வைத்து ஆளை ஒதுக்குவதென்றால் எங்கள் சந்தையில் ஒருவரும் தேற மாட்டார்கள்.

மிஸ் ஈனிட் ஊர்க்கதை பேசுவதுபோலக் கேள்வி போட்டார். எல்லாவற்றுக்கும் அவனிடம் பதில் இருந்தது, வாடிக்கையாளர் வருவதற்கு முன்பே மடித்து வைத்த சேலைகள் மாதிரி. கடைசியாக, மீன் செத்துப்போச்சாமே, பாவம் என்றார்.

"அதை ஏன் கேக்கறீங்க மிஸ். ராத்திரி எழுந்து நடந்து போயிருமேன்னு பீப்பாயை ரொம்ப ரொம்ப நிரப்பினேன். கம்பிவலையை நல்லா அமுக்கிக் கட்டினேன். அப்படியும் செத்துருச்சு."

பூல்மத்திக்குத் தாங்கவில்லை. இங்கே பிறந்தவன் செய்கிற வேலையா இது என்று கேட்டுவிட்டாள். அவன் கோபப்படவில்லை. இருபத்திரண்டு வருஷம் நிக்கேரி அரிசி ஆலையில் தூசி தின்றவனுக்கு மீனா ஞாபகம் இருக்கும் என்று திருப்பிக் கேட்டான். நியாயமான கேள்வி. வக்கீலாக இருந்தால் அந்த இடத்தில் தலையாட்டியிருப்பார். பூல்மத்தியின் முகத்தில் பதினாறு ஏக்கரும் ஒரே நேரத்தில் காய்ந்தது.

மிஸ் ஈனிட் தொப்பியால் விசிறிக்கொண்டு என்னைத் தள்ளிக்கொண்டு போனார்.

"கவனிச்சியா? மீன் நடக்கும்னு தெரியுது. மூழ்கும்னு தெரியல."

"பாதி தெரியுது மிஸ்."

"பாதி யாருக்கும் தானா தெரியாது. ஒருத்தன் சொல்லிக் குடுத்திருக்கான், மறுபாதியை மறைச்சிருக்கான். உங்க கடையில அளக்கற கோலைச் சுருக்கினது தற்செயலா, வேணும்னா?"

எங்கள் அப்பாவின் நினைவுக்கு மரியாதை செலுத்தி நான் வாய்க்கால் பக்கம் நடந்தேன்.

வாய்க்கால் ஓரமாக அந்த நிக்கேரி கார் நின்றது. டிரைவர் தண்ணீர் ஊற்றித் துடைத்துக்கொண்டிருந்தான். நெஞ்சுவரை தாடி, புருவம்வரை தொப்பி. பெயர் கிசூன். சூரினாமில் பேசும் டச்சைத் தவிர ஒரு வார்த்தை தெரியாது என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தான். நான் வணக்கம் சொன்னேன். "யா, யா," என்றான். மழை வருமா என்றேன். "யா, யா." உன் முதலாளி பெரிய திருடனா என்றேன். அதற்கும் அதேதான். இப்படி ஒரு ஆள் கிடைத்தால் கல்யாணமே செய்துகொள்ளலாம்.

காரின் மறுபக்கம், நிழலில், ஒரு ஈரச் சாக்கு தொங்கியது. மிஸ் ஈனிட் கண்ணைக் காட்டினார். நான் கையை விட்டேன். சாக்கு என்னைக் குத்தியது. கட்டைவிரலில் ரத்தம். உள்ளே ஈரப் புல்லுக்கு நடுவே மூன்று ஹாசர், முள்ளை விரித்துக்கொண்டு, அரசாங்க விருந்தினர் மாதிரி.

டிரைவர் எங்களைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதில் மிகவும் கவனமாக இருந்தான்.

மிஸ் ஈனிட் சாக்கை எடுத்துப்போய்ப் பூல்மத்தியிடம் கொடுத்துக் காதில் ஏதோ சொன்னார். அவள் முகம் போன போக்கைப் பார்த்து, அண்ணனைக் கொலை செய்யச் சொல்கிறாரோ என்று பயந்தேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். மிஸ் ஈனிட் மறுபடியும் சொன்னார். நிலத்தை எழுதிக் கொடுப்பதற்குக்கூட அவ்வளவு சங்கடப்பட்டிருக்க மாட்டாள். கடைசியில் சரி என்றாள்.

விருந்துச் சமையல் ஆரம்பமானது. மசாலா அரைபட்டது, தேங்காய்ப் பால் பிழிபட்டது. மீன் கழுவும் பலகையைப் பூல்மத்தி காருக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து போட்டாள். எலுமிச்சை தேய்த்து வழவழப்பைக் கழுவினாள். முதல் மீனை வைத்தாள். கத்தியை ஓங்கித் தலையைத் துண்டாக்கினாள். நாயைக் கூப்பிட்டுத் தலையை வீசினாள்.

ஹாசரில் உடம்பு எல்லாருக்கும், தலைதான் உறவுக்கு. உள்ளே இருக்கும் அந்தக் கொழுப்பை உறிஞ்சுவதற்காக நான் ஒரு தடவை பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனாராக வரவிருந்தவரோடு சண்டை போட்டு, சம்பந்தமே முறிந்திருக்கிறது.

தூளியிலிருந்த அண்ணன் சிரித்தான். "நல்லதாப் போச்சு தங்கச்சி. தலையில என்ன இருக்கு, வெறும் எலும்பு."

பூல்மத்தி இரண்டாவது தலையையும் வெட்டி நாய்க்குப் போட்டாள். நாய் தன் அதிர்ஷ்டத்தை நம்பாமல் எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தது. காரைத் துடைத்துக்கொண்டிருந்த துணி நின்றுவிட்டது.

மூன்றாவது மீன். கத்தி மேலே போனது.

"அடியே தவளை, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? தலையைப் போயி நாய்க்கா போடுற?"

டச்சு இல்லை. மஹைக்கா சேற்றிலேயே முளைத்த பேச்சு. தாடிக்குள்ளிருந்து வந்தது.

கத்தி மேலேயே நின்றது. தவளை என்று பூல்மத்தியைக் கூப்பிட உலகத்தில் ஒரே ஆளுக்குத்தான் உரிமை இருந்தது என்று பிறகு சொன்னாள். அதை ஊரில் யாருக்கும் சொன்னதில்லையாம். அவமானம்.

"அண்ணே," என்றாள்.

"யா, யா," என்றான் அவன், பழக்கதோஷத்தில். பிறகு பலகைக்கு முன்னால் உட்கார்ந்து மூன்றாவது மீனை அவள் கையிலிருந்து முழுசாக வாங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஒரு மீனைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். மீனும் உயிரோடுதான் இருந்தது. அதுவும் கொஞ்சம் திமிறியது.

தங்கப்பல்காரன் தூளியிலிருந்து பாய்ந்து எழப் பார்த்தான். தூளி ஒரு சுற்றுச் சுற்றி அவனைத் தரையில் கொட்டியது. மிஸ் ஈனிட் நிதானமாகப் போய் அவன் தலைமாட்டில் நின்றார்.

"சுங்கத்துல எங்களுக்கு ஒரு பழக்கம் தம்பி. பெட்டியைப் பாக்கறதுக்கு முன்னாடி பெட்டி தூக்கறவனைப் பாப்போம்."

அப்புறம் எல்லாம் மளமளவென்று வெளியே வந்தது. அவன் பெயர் சுக்ராம், ஆலையில் மேஸ்திரி. தேவநாத் ராத்திரிப் படகில் கள்ளத்தனமாக ஆற்றைக் கடந்து அங்கே போனவன், கையில் காகிதம் கிடையாது. காட்டிக்கொடுத்துவிடுவேன் என்று சுக்ராம் மிரட்டியே வருஷக்கணக்காக அரைச் சம்பளத்தில் வேலை வாங்கியிருக்கிறான். உயில் விஷயம் காதில் விழுந்ததும் அதே மிரட்டலை வைத்து வீட்டுக் கதை முழுவதையும் கறந்துகொண்டான். மறந்துபோனதை ரகசியமாகக் கேட்டுக்கொள்ள டிரைவர் வேஷத்தில் ஆளையும் கூடவே இழுத்து வந்தான். வாயைத் திறந்தால் இங்கேயும் போலீஸ் பிடிக்கும் என்ற மிரட்டலைத் தேவநாத்தும் நம்பிவிட்டான். சரக்கைத்தான் எல்லாரும் பார்ப்பார்கள், சுமப்பவனை யார் பார்க்கிறார்கள். சொந்தத் தங்கச்சியே பார்க்கவில்லை.

"எல்லாம் சொல்லிக் குடுத்தேன்," என்றான் தேவநாத். "ரெண்டைத் தவிர. உன் பட்டப்பேரு ஒண்ணு. ஹாசர் மூச்சு வாங்கறது ஒண்ணு. பீப்பாயை விளிம்புவரைக்கும் நிரப்புங்க மேஸ்திரி, இல்லாட்டி நடந்து போயிரும்னு நான்தான் சொன்னேன்."

மிஸ் ஈனிட் மட்டும் ஆச்சரியப்படவில்லை. எனக்கு இரண்டாவது தடவை முள் குத்தியது, இந்தத் தடவை விரலில் இல்லை. தப்பு என்று நான் நினைத்தது தபால். சுக்ராம் இந்த ஊர்க்காரன் இல்லை என்பதைத் தேவநாத், தன் ஊர்க்காரி மட்டும் படிக்கிற மாதிரி எழுதி, பீப்பாயில் போட்டு, மூடியும் வைத்துவிட்டிருக்கிறான்.

"அதுக்கு ஒன்பது மீனையா கொன்னே?" என்றாள் பூல்மத்தி. கண்ணீர் இன்னும் காயவில்லை, அதற்குள் சண்டை ஆரம்பித்துவிட்டது.

"மூணை எடுத்து ஒளிச்சு வச்சனே. மனசு கேக்கல."

"மனசா, நாக்கா?"

சுக்ராம் ஆடையைத் தட்டிக்கொண்டு, காகிதம் இல்லாதவனைப் போலீசில் பிடித்துக் கொடுப்பேன் என்று கடைசியாக ஒரு வேட்டு வெடித்துப் பார்த்தான். ஒரு மனுஷன் தன் சொந்த நாட்டுக்குத் திரும்பி வர எந்தக் காகிதம் வேண்டும் என்று மிஸ் ஈனிட் விசாரித்தார். பிறகு காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். டிக்கி அருகில் நின்று மூச்சை இழுத்தார். கோதுமை மாவுக்கு நாட்டில் தடை இருந்த வருஷம் அது. அரிசி மாவு ரொட்டியைத் தின்று தின்று எங்கள் தாடையெல்லாம் தேய்ந்திருந்தது.

"மாவை இறக்கி வச்சிட்டுப் போறியா, மாவோட ஸ்டேஷனுக்கு வர்றியா?"

இறக்கி வைத்தான். அன்று முதல்முறையாகத் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு போனான். வளைவில் மாடு ஒன்றிடம் வழி கேட்டுக் கெஞ்சியதைப் பார்த்தோம். ஆதாரத்தை அழிக்கும் பொறுப்பை மிஸ் ஈனிட்டே ஏற்றுக்கொண்டார். ரொட்டி உப்பி வந்தது.

இலை போடும்போதுதான் என் வியாபார மூளைக்கு ஒன்று உறைத்தது. பூல்மத்தி எங்களைக் கூப்பிட்டது ஒரு அண்ணனைக் கழிப்பதற்கு. நாங்கள் கழித்தோம். கழித்த கையோடு ஒரு நிஜ அண்ணனைக் கூட்டியும் விட்டோம். சனிக்கிழமை இன்னும் வரவில்லை. அப்பா எழுதியபடி பார்த்தால் பதினாறு ஏக்கரும் வீடும் இந்த நிமிஷமே தாடிக்காரனுடையது. எங்கள் துப்பறியும் திறமையால் எங்கள் கட்சிக்காரியைத் தெருவில் நிறுத்தியிருந்தோம்.

அவளுக்கும் அது புரிந்திருந்தது. அகப்பையைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு வக்கீல் வருவாரு. நீ போடு அண்ணே கையெழுத்து. நிஜமா இருந்தா குடுத்துருவேன்னு இவங்க முன்னாடி சொன்னேன்."

"எந்த வக்கீல்?"

"பாதியாவது எடுத்துக்க."

"சேத்துல நின்னது யாரு, நீயா நானா? ஒரு செடிகூட வேணாம்."

"கால் பங்கு."

"வேணாம்னா வேணாம்."

பேரம் நடக்கிற இடத்தில் பிறந்து, பேரத்திலேயே பல் முளைத்தவன் நான். கொடுப்பவள் ஏற்றிவிட, வாங்குபவன் இறக்கிக்கொண்டே போன பேரத்தை அன்றுதான் பார்த்தேன். எங்கள் தெருவாக இருந்தால் இரண்டு பேரையும் டாக்டரிடம் கூட்டிப்போயிருப்பார்கள்.

தேவநாத் தொப்பியை எடுத்துப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"சனிக்கிழமை பொழுது சாயறவரைக்கும் எனக்கு உங்க பாஷை தெரியாது. நான் கிசூன். நிக்கேரி டிரைவர்."

வக்கீல் உங்களைக் கேட்டால் என்ன சொல்வீர்கள் என்று பூல்மத்தி பயத்தோடு மிஸ் ஈனிட்டைப் பார்த்தாள். அவர் ரொட்டியைக் குழம்பில் தோய்த்தார்.

"பொய் சொல்ற பழக்கம் எனக்கு இல்ல. பேசிப் பாத்தேன், 'யா, யா'ன்னாருன்னு சொல்வேன். லோச்சனும் சாட்சி."

ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மாடுகளுக்கு மேலே ஒரு அறை, டிராக்டரை மனசு மாற்றும் வேலை, சாப்பாடு. இதற்கு மேல் தேவநாத் எதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. சரி, வேறு என்னதான் வேண்டும் என்று அவள் கத்தியபோது, சட்டியைக் காட்டினான். வெட்டாமல் முழுசாக வெந்த ஒரே மீன் அதில் கிடந்தது. அவன் வீட்டில் இருந்த காலத்தில் தலை எப்போதும் அவனுக்குத்தான். அவள் எடுத்து அவன் இலையில் வைத்தாள். அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்து, டச்சில்கூடப் பேசாமல், உறிஞ்சினான்.

திரும்பி வரும் வழியில், குத்துப்பட்ட கட்டைவிரலை ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டு, கணக்கை முடித்தேன். மிஸ் ஈனிட் கண்ணை மூடியபடி சரிபார்த்தார்.

கழிவு: அண்ணன் ஒன்று, டூப்ளிகேட்.
வரவு: அண்ணன் ஒன்று, அசல், சனிக்கிழமைவரை வெளியே காட்டக்கூடாது.
எங்கள் கூலி: கடத்தல் மாவு அரை மூட்டை.
சேதம்: ஹாசர் ஒன்பது, உதவியாளன் விரல் ஒன்று.
நாய்க்குப் போனது: தலை இரண்டு. திரும்ப வராது.
பூல்மத்தி தன் அண்ணனுக்குத் தர வேண்டியது: இருபத்திரண்டு வருஷத்துத் தலைகள்.
இன்று செலுத்தியது: ஒன்று.
மீதி பாக்கி.